மெய்நிகரில் கலை பார்ப்பது எப்படி: முதன்முறை ஹெட்செட் அணிபவருக்கான வழிகாட்டி

மோனா லிசா 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கப் போனால் தடுப்புக்கு வெளியே, கண்ணாடிக்கு அப்பால், முன்னால் நிற்பவர்களின் தலைகளுக்கு மேலாகத்தான் பார்க்க முடியும். 2019இல் லியொனார்டோ கண்காட்சிக்காக லூவ்ரும், எச்.டி.சி. நிறுவனத்தின் கலைப் பிரிவான வைவ் ஆர்ட்ஸும் சேர்ந்து செய்த வி.ஆர். (மெய்நிகர்) படைப்பை, கண்களை மறைத்து அணியும் திரைக்கருவியான ஹெட்செட்டில் பார்த்தால் கூட்டமும் இல்லை, கண்ணாடியும் இல்லை. கை நீட்டும் தூரத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

வி.ஆர். தரும் புதுமை இந்தத் தூரம்தான். வண்ணத்தையும் நுணுக்கத்தையும் நல்ல அச்சுப் புத்தகம் இதைவிடச் சிறப்பாகக் காட்டிவிடும். ஒரு படைப்பின் எதிரே உங்கள் உடம்பு எங்கே நிற்கிறது, அது உங்களைவிட எவ்வளவு பெரிது, அதைச் சுற்றி வந்தால் என்ன ஆகிறது என்பதை எந்தப் புத்தகமும் காட்டாது. எந்தக் கருவி வேண்டும், எதை முதலில் பார்க்க வேண்டும், எதைச் சரிசெய்யாமல் தொடங்கக் கூடாது என்ற மூன்று கேள்விக்கும் இதிலிருந்தே விடை கிடைக்கும்.

கருவியைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு சோதனை

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கண்ணெதிரே இருக்கும் பொருளை நோக்கி அரையடி முன்னால் சாயுங்கள். பொருள் உங்கள் அருகே வந்தால் அந்தக் கருவி தலையின் திருப்பத்தோடு இடப்பெயர்ச்சியையும் அறிகிறது. கலை பார்க்க இதுதான் வேண்டும். நீங்கள் சாயச் சாய மொத்தக் காட்சியும் கூடவே நகர்ந்தால், அது தலை திரும்புவதை மட்டுமே அறியும் கருவி. கைபேசியைச் செருகும் அட்டைப் பெட்டிகள் எல்லாம் இந்த வகை. அதில் 360 டிகிரி படம் பார்க்கலாம், ஆனால் சிலையைச் சுற்றி நடக்க முடியாது.

தனித்து இயங்கும் ஹெட்செட் ஒன்று போதும், தொடக்கத்திலேயே கணினி தேவையில்லை. ஆனால் அருங்காட்சியகங்கள் வெளியிட்ட பழைய படைப்புகளில் பல, கணினியோடு இணைத்த ஹெட்செட்டுக்காகச் செய்யப்பட்டவை. பின்னாளில் அவற்றைக் கம்பியில்லாமல் பார்க்க விரும்பினால் கணினியை ரவுட்டரோடு கேபிளில் இணையுங்கள், ஹெட்செட்டை அதே அறையிலிருக்கும் ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணையுங்கள். கணினியும் வைஃபையில், ஹெட்செட்டும் வைஃபையில் என்று வைத்தால் ஒரே அலைவரிசையில் இரட்டைப் போக்குவரத்து ஓடும். படம் கட்டம் கட்டமாக உடைவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம், குறை ஹெட்செட்டில் இருக்காது.

அறை

இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் வெற்றிடம் வேண்டும். நாற்காலி, டீப்பாய் மட்டுமின்றி, தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறி, தொங்கும் விளக்கு ஆகியவற்றையும் பாருங்கள். கையை உயர்த்தி ஓவியம் தீட்டும்போது அவைதான் முதலில் அடிபடும். நடுவில் ஒரு சிறு பாய்த்துண்டோ கால்மிதியோ போட்டு, வெறுங்காலுடன் அதன்மேல் நில்லுங்கள். கண் மறைந்திருக்கும்போது அறையின் நடுவில்தான் நிற்கிறோமா என்று பாதமே சொல்லிவிடும்.

ஹெட்செட்டின் வெளிப்புறக் கேமராக்கள் உங்கள் அறையைப் பார்த்துத்தான் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கணக்கிடுகின்றன. எனவே அறையில் வெளிச்சம் வேண்டும். ஒன்றுமே மாட்டாத வெறும் வெள்ளைச் சுவரில் அவை பிடித்துக்கொள்ள ஒரு புள்ளியும் கிடைக்காது. பெரிய நிலைக்கண்ணாடி இருந்தால் அதில் தெரியும் பிம்பத்தை இன்னொரு அறை என்று நம்பி ஏமாந்துபோகும். கண்ணாடியைத் துணியால் மூடுங்கள், சுவரில் ஒரு நாட்காட்டியையாவது மாட்டுங்கள். காட்சி மெல்ல வழுக்கிப் போவதும் திடீரெனக் குதிப்பதும் பாதிக்குமேல் இப்படியே தீர்ந்துவிடும்.

ஜன்னல் வழியே நேர்வெயில் விழும் இடம் மட்டும் கூடாது. வெயில் லென்ஸுக்குள் புகுந்தால், பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பதுபோலத் திரையில் நிரந்தரக் கருகல் புள்ளி விழும். சில விநாடிகளே போதும்.

அணிவதில் செலவிடும் ஐந்து நிமிடம்

“மங்கலாகத் தெரிகிறது” என்று சொல்பவர்களில் பலர் ஹெட்செட்டை முகத்தில் ஒட்டிக்கொண்டு அப்படியே பார்க்கத் தொடங்கியவர்கள். முதலில் பின்பட்டையைப் பிடரியில், மண்டையோடு வளைந்து கழுத்தோடு சேரும் குழிவில் நிறுத்துங்கள். பிறகு முன்பகுதியை முகத்துக்குக் கொண்டுவாருங்கள். மேற்பட்டைதான் எடையைத் தாங்க வேண்டும், பக்கப் பட்டைகளுக்கு வழுக்காமல் பிடிக்கும் வேலை மட்டுமே. கன்னத்தில் அழுத்தித் தடம் விழுந்தால் பக்கப்பட்டையைத் தளர்த்தி மேற்பட்டையை இறுக்குங்கள்.

அடுத்து, ஏதாவது எழுத்தைப் பார்த்தபடி ஹெட்செட்டை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக மேலும் கீழும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் எழுத்து சட்டென்று கூர்மையாகும். அங்கே நிறுத்திப் பட்டையை இறுக்குங்கள்.

பிறகு ஐ.பி.டி., அதாவது இரு கண்மணிகளின் மையங்களுக்கு இடையேயான தூரம். பெரியவர்களுக்குச் சராசரி 63 மி.மீ. சுற்றில் இருக்கும், ஆளுக்கு ஆள் மாறும். கண்ணாடிக்கடையில் அளந்த சீட்டு இருந்தால் அதிலேயே இருக்கலாம். இல்லையென்றால் நிலைக்கண்ணாடிக்கு 20 செ.மீ. முன்னால் நின்று, மி.மீ. அளவுகோலைப் புருவத்தில் கிடைமட்டமாக வையுங்கள். வலது கண்ணை மூடி, இடது கண்மணியின் நடுவில் பூஜ்யத்தைப் பொருத்துங்கள். தலையையும் அளவுகோலையும் அசைக்காமல் இடது கண்ணை மூடி வலது கண்ணைத் திறந்து, வலது கண்மணியின் நடுவில் எந்த எண் வருகிறது என்று பாருங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். மெட்டா குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் இதை ஒரு சக்கரத்தைத் திருகி 58 முதல் 71 மி.மீ. வரை நுணுக்கமாக வைக்கலாம். குவெஸ்ட் 3எஸ் கருவியில் லென்ஸைக் கையால் தள்ளி 58, 63, 68 என்ற மூன்று நிலைகளில் ஒன்றில் நிறுத்த வேண்டும்.

கண்ணாடி அணிபவர்கள், ஹெட்செட்டோடு வரும் இடைவெளிச் சட்டத்தைப் போட்டுக்கொள்ளாமல் அணியக் கூடாது. கண்ணாடி லென்ஸும் ஹெட்செட் லென்ஸும் உரசினால் விழும் கீறல் போகாது. லென்ஸைத் துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும் போதும். சானிடைசர், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம், மேற்பூச்சு உரிந்துவிடும்.

தரை மட்டம்: கலைக்கு இது உயிர்

விளையாட்டுக்கு இது கொஞ்சம் தவறினாலும் பரவாயில்லை. கலை பார்க்கும்போது தவறினால் பார்த்ததே பொய்யாகிவிடும். ஹெட்செட் கணித்த தரை உண்மைத் தரையைவிட 30 செ.மீ. தாழ்ந்திருந்தால், காட்சியில் உங்கள் கண் இருக்க வேண்டியதைவிட 30 செ.மீ. உயரே போய்விடும். மைக்கேலாஞ்சலோவின் தாவீது 5.17 மீட்டர் உயரச் சிலை. அதன் கால்விரல் உங்கள் தலைக்கு மேலே இருக்கிறதா, நெஞ்சுக்கு நேரே இருக்கிறதா என்பதில்தான் அந்தச் சிலையின் மிரட்டலே இருக்கிறது.

எனவே நீங்கள் நடமாடும் இடத்துக்கு ஹெட்செட்டில் எல்லைக்கோடு அமைக்கும் கட்டத்தில் கன்ட்ரோலரை, அதாவது கையில் பிடிக்கும் கருவியை, தரையில் தொட வைத்துத் தரை மட்டத்தை உறுதிசெய்யுங்கள். சரிபார்க்க, குந்தி உட்கார்ந்து கையைத் தரையில் வையுங்கள். உண்மைத் தரையில் கை படும் அதே கணத்தில் காட்சியிலும் கன்ட்ரோலர் தரையைத் தொட வேண்டும். உட்கார்ந்தபடி பார்ப்பவர்கள் செயலியின் அமைப்பில் ‘உட்கார்ந்த நிலை’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், அது கண் உயரத்தை நிற்கும் அளவுக்கு ஏற்றிவைக்கும்.

எல்லாச் சிலைகளும் பொம்மைபோலச் சிறுத்தோ, அரக்கத்தனமாகப் பெருத்தோ தெரிந்தால் தரையையும் ஐ.பி.டி.யையும் திரும்பப் பாருங்கள். அளவு உணர்வு இவ்விரண்டிலும்தான் தங்கியிருக்கிறது.

தலைசுற்றலும் குமட்டலும்

கண் “நகர்கிறோம்” என்கிறது, உள்காது “நிற்கிறோம்” என்கிறது. இந்த முரண்பாட்டால்தான் குமட்டுகிறது. ஆகவே நகர்வு அமைப்பில் டெலிபோர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். அதில் போக வேண்டிய இடத்தைச் சுட்டினால் அங்கே போய் நிற்பீர்கள், இடையில் நகர்வே தெரியாது. கன்ட்ரோலரின் குச்சியைத் தள்ளி வழுக்கிக்கொண்டு போகும் நகர்வை முதல் வாரம் தொட வேண்டாம். திரும்புவதற்கும், சீராகச் சுழல்வதைவிட 30 அல்லது 45 டிகிரியாகத் துண்டு துண்டாகத் திரும்புவதே நல்லது. இன்னும் நல்லது உங்கள் காலால் திரும்புவது.

முதல் நாள் 10 நிமிடம், அடுத்த நாள் 15. காரணமில்லாத கொட்டாவி, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, வாயில் எச்சில் ஊறுவது ஆகியவை குமட்டலுக்கு முன்னால் வரும் அடையாளங்கள். வந்தவுடன் கழற்றிவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் அன்று மாலைவரை போகாது. அதைவிட மோசமாக, அடுத்த முறை ஹெட்செட்டைப் பார்த்தாலே வயிறு புரளும்.

எதிலிருந்து தொடங்குவது

பலரும் புகழ்பெற்ற ஓவியத்தில் தொடங்கி ஏமாறுகிறார்கள். இடத்திலிருந்து தொடங்குங்கள், பிறகு சிலை, கடைசியாக ஓவியம்.

இடம் என்றால், நேரில் போகவே முடியாத இடம். பிரான்சின் லாஸ்கோ குகை 1940இல் கண்டுபிடிக்கப்பட்டது. வந்தவர்களின் மூச்சுக்காற்றும் ஈரமும் சுவரோவியங்களைக் கெடுத்ததால் 1963இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. அந்தப் பாடத்தால், 1994இல் கண்டுபிடிக்கப்பட்ட ஷோவே குகை பொதுமக்களுக்குத் திறக்கப்படவே இல்லை. அதன் ஓவியங்களில் பழையவை சுமார் 36,000 ஆண்டுகளுக்கு முந்தையவை. கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் 2020இல் வெளியிட்ட வி.ஆர். படைப்பில் கையில் தீப்பந்தத்தோடு அதற்குள் போகலாம். வெளிச்சத்தைச் சுவரின் பக்கவாட்டில் கொண்டுபோங்கள். பாறையின் புடைப்பு விலங்கின் தோளாகவும் வயிறாகவும் எழும்பி வரும். தட்டையான புகைப்படத்தில் இது தெரியாது. பாறையின் வடிவத்தைப் பார்த்துவிட்டுத்தான் வரைந்திருக்கிறார்கள் என்பது அங்கே நின்றால்தான் புரியும். எகிப்து அரசி நெஃபெர்தாரியின் கல்லறை இன்னொரு நல்ல தொடக்கம். ஆயிரக்கணக்கான புகைப்படங்களிலிருந்து முப்பரிமாண வடிவம் எடுக்கும் ஃபோட்டோகிராமெட்ரி முறையில் செய்த அந்த வி.ஆர். பதிப்பு 2018இல் வந்தது.

சிலைகளுக்கு, கணினி விளையாட்டுகளும் செயலிகளும் கிடைக்கும் ஸ்டீம் இணையக் கடையில் இலவசமாகக் கிடைக்கும் ‘தி வி.ஆர். மியூசியம் ஆஃப் ஃபைன் ஆர்ட்’ போதும். கணினியே வேண்டாம் என்றால், ஹெட்செட்டின் உலாவியில் ஸ்கெட்ச்ஃபேப் தளத்தைத் திறந்து, பிரிட்டிஷ் மியூசியம் பதிவேற்றிய முப்பரிமாண ஸ்கேன்களை வி.ஆர். பொத்தானை அழுத்திப் பாருங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: ஸ்கெட்ச்ஃபேப் மாதிரிகள் எப்போதும் உண்மை அளவில் திறப்பதில்லை. உள்ளங்கையளவு சிலை வீட்டளவில் நிற்கலாம். பொருளின் விவரக் குறிப்பில் உயரத்தைப் படித்துவிட்டு அந்த அளவுக்குச் சுருக்குங்கள்.

ஓவியத்தின் முன்னால் எங்கே நிற்பது

நல்ல கண்பார்வை ஒரு டிகிரிக்குச் சுமார் 60 பிக்சல்வரை பிரித்தறியும். குவெஸ்ட் 3 தருவது ஏறக்குறைய 25. மோனா லிசாவுக்கு ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் அவளது 53 செ.மீ. அகலம் உங்கள் பார்வையில் 20 டிகிரிதான், அதாவது குறுக்கே 500 பிக்சல். ஒரு பழைய கைபேசிப் படத்தளவு. 70 செ.மீ. தூரத்துக்கு வந்தால் அதே அகலம் 41 டிகிரியைத் தாண்டும், ஆயிரம் பிக்சலுக்கு மேல் கிடைக்கும். அருங்காட்சியகத்தில் நாம் பழகிய தூரம் இங்கே உதவாது, நெருங்கிப் போக வேண்டும்.

அரை மீட்டருக்கும் உள்ளே போக வேண்டாம். ஹெட்செட்டின் லென்ஸ் ஒரு மீட்டருக்கு மேலான ஒரே தூரத்தில் குவியம் வைத்திருக்கிறது. மிக அருகில் இருக்கும் பொருளைப் பார்க்கக் கண்கள் உள்நோக்கித் திரும்பும், ஆனால் குவியம் தூரத்திலேயே நிற்கும். கண்வலியும் தலைவலியும் இதனால் வருபவை. இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால், செயலி அனுமதித்தால் ஓவியத்தை இரு மடங்கு பெரிதாக்கி ஒன்றரை மீட்டரில் நின்று பாருங்கள். பிக்சல் எண்ணிக்கை ஏறக்குறைய அதேதான், கண் மட்டும் தளராது. முதலில் உண்மை அளவில் பார்த்துவிட்டே இதைச் செய்யுங்கள்.

முன்னால் இருப்பது ஓவியத்தின் முப்பரிமாணப் பதிவா, சட்டத்தில் ஒட்டிய புகைப்படமா என்று அறியத் தலையை இடமும் வலமும் மெல்ல அசையுங்கள். தூரிகைத் தடங்களின்மேல் ஒளிக்கீற்று தவழ்ந்தால் பதிவு. ஒளி உறைந்தே நின்றால் புகைப்படம். இந்த வகையில், 2017இல் தொடங்கிய கிரெமர் மியூசியம் கவனிக்கத்தக்கது. டச்சு, ஃபிளெமிஷ் பழைய ஓவியங்கள் 70க்கு மேல் கொண்ட அந்த அருங்காட்சியகத்துக்குக் கட்டடம் வி.ஆரில் மட்டுமே உண்டு. ஓவியத்தின் பின்புறத்துக்குப் போய்ப் பலகையையும் முத்திரைகளையும் பார்க்கலாம்.

360 டிகிரி வீடியோக்களைப் பற்றிச் சுருக்கமாக: 4கே வீடியோவின் 3840 பிக்சல் முழுவட்டத்துக்கும் பரவுவதால் ஒரு டிகிரிக்கு 11கூட வராது. 8கே என்றால் 21. ஆகவே தர அமைப்பை 8கே ஆக்கிவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். ஓவியத்துக்கு இவை ஏற்றவையே அல்ல.

ஊடகத்திலேயே பிறந்த படைப்புகள்

வேறொன்றின் நகலாக இல்லாமல் வி.ஆருக்காகவே செய்த கலை தனி உலகம். 1995இல் கலைஞர் சார் (Char) டேவிஸ் செய்த ‘ஆஸ்மோஸ்’ படைப்பில் கன்ட்ரோலர் கிடையாது. மார்பில் கட்டிய உணரி மூச்சை அளக்கும். மூச்சை இழுத்தால் மேலே மிதப்பீர்கள், விட்டால் கீழே இறங்குவீர்கள், உடம்பைச் சாய்த்தால் அந்தப் பக்கம் நகர்வீர்கள். முக்குளிப்பவர்கள் நீருக்குள் மூச்சால் உயரத்தைக் கட்டுப்படுத்தும் அதே பழக்கம். இன்று ஒரு படைப்பை மதிப்பிடவும் இதே கேள்வியைக் கேட்கலாம்: என் உடம்பு செய்வது ஏதாவது இதற்குள் மாற்றம் உண்டாக்குகிறதா? 2017 வெனிஸ் திரைப்பட விழாவின் வி.ஆர். போட்டியில் பரிசு வென்ற, லாரி ஆண்டர்சனும் ஷின்-சியன் ஹுவாங்கும் செய்த ‘சாக்ரூம்’ அப்படிப்பட்டது. சாக்கட்டியால் எழுதிய கரும்பலகைச் சுவர்களுக்கிடையே பறக்க வேண்டும். பறப்பது இருப்பதால், தலைசுற்றல் பழகிய பின்பே பாருங்கள்.

நீங்களே வரைய

பார்ப்பதைவிட ஒரு மணி நேரம் வரைவது அதிகம் கற்றுத்தரும். வி.ஆருக்குள் வரைவதற்கான கூகுளின் டில்ட் பிரஷ் செயலி 2016இல் வந்தது. 2021 ஜனவரியில் அதன் நிரல், யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளும் திறந்தமூலமாக வெளியானது. அதிலிருந்து ஆர்வலர்கள் வளர்த்தெடுத்த ஓப்பன் பிரஷ் இலவசமாகக் கிடைக்கிறது.

ஒரு கையில் தூரிகை, மறு கையில் வண்ணத் தட்டு. இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இரு கன்ட்ரோலர்களின் அடிப்பகுதிகளையும் ஒன்றோடொன்று தட்டினால் கை மாறிவிடும். விசையை அழுத்தியபடி கையை அசைத்தால் கோடு விழும். இரு கைப்பிடிப் பொத்தான்களையும் அழுத்திக்கொண்டு கைகளை விரித்தால் மொத்தப் படமும் பெரிதாகும், சேர்த்தால் சுருங்கும்.

எல்லோரும் செய்யும் முதல் தவறு, கண்ணெதிரே கரும்பலகை இருப்பதாக நினைத்து வரைவது. முன்னாலிருந்து பார்த்தால் மரம் மரமாக இருக்கும். இரண்டடி தள்ளி வந்து பார்த்தால் காகிதம்போலத் தட்டையாக நிற்கும், அல்லது கிளைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொங்கும். இதற்கு எளிய பயிற்சி: ஒரு பானை வரையுங்கள். பெரிய வளையம் ஒன்று இடுப்புயரத்தில், அதன்மேல் சிறிய வளையம், அதற்கும் மேலே வாய். ஒவ்வொரு வளையத்தையும் நின்ற இடத்திலிருந்து வரையாமல், அதைச் சுற்றி நடந்தே வரையுங்கள். கோடு முடியும் இடம் தொடங்கிய இடத்தைத் தவறவிட்டால் கவலை வேண்டாம், ஐந்தாவது பானையில் கை பழகிவிடும். பிறகு வளையங்களுக்குள் உங்கள் தலையை நுழைத்து, பானையின் உள்ளிருந்து வெளியே பாருங்கள். சிற்பியும் கட்டடக் கலைஞரும் எதை மனதில் வைத்து வேலை செய்கிறார்கள் என்பது அந்த இடத்தில் பிடிபடும்.

நாடாபோன்ற தூரிகைகளின் விளிம்பு பக்கவாட்டில் மறைந்துபோகும். உருவம் வேண்டும் இடத்தில் குழாய்போன்ற தூரிகையை எடுங்கள். தீப்பொறி, புகை வகைத் தூரிகைகளை அள்ளித் தெளித்தால் பிரேம் வேகம் (திரை ஒரு விநாடியில் காட்டும் படங்களின் எண்ணிக்கை) விழுந்து காட்சி தள்ளாடும், தலையும் சுற்றும். தனித்து இயங்கும் ஹெட்செட்டில் இது சீக்கிரம் நடக்கும். நடுநடுவே சேமியுங்கள்.

அருங்காட்சியகத்தில் வி.ஆர். காட்சிக்குப் போனால்

பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகம் 2024இல் நடத்திய காட்சியில், 1874 ஏப்ரல் 15 அன்று தொடங்கிய, இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்களின் முதல் கண்காட்சிக்குள் பார்வையாளர்கள் 45 நிமிடம் நடந்தே சென்றார்கள். இப்படிப்பட்ட காட்சிகளில் பெரிய கூடத்தில் பலர் ஒரே நேரத்தில் நடப்பார்கள், மற்றவர்கள் உங்களுக்கு நிழலுருவமாகத் தெரிவார்கள். உண்மைக் காலால் நடப்பதால் குமட்டல் அரிது. தட்டையான காலணி அணியுங்கள், கொண்டையைத் தாழ்த்திப் போடுங்கள், தோள்பையை வெளியே வைத்துவிடுங்கள். கண்மணித் தூரத்தின் எண்ணைத் தெரிந்துகொண்டு போனால் ஊழியரிடம் சொல்லி அதற்கேற்ப வைத்துத்தரக் கேட்கலாம்.

வீட்டில் மற்றவருக்குக் காட்டும்போது

வயதானவர்களையும் முதன்முறை அணிபவர்களையும் உட்கார வையுங்கள். ஹெட்செட்டின் காட்சியைக் கைபேசித் திரைக்கும் அனுப்பினால் (காஸ்ட் செய்தால்) அவர்கள் பார்ப்பது உங்களுக்கும் தெரியும், “வலப்பக்கம் திரும்புங்கள்” என்று சொல்ல முடியும். முன்கூட்டியே சொல்லாமல் அவர்கள் தோளைத் தொடாதீர்கள், தூக்கிவாரிப் போடும். அசையாமல் நிற்கும் ஒரு சிலையோ அறையோ போதும், ஐந்து நிமிடம் போதும். குழந்தைகளுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் வயது வரம்பைப் பாருங்கள். மெட்டா கருவிகளில் பெற்றோர் நிர்வகிக்கும் கணக்கோடு 10 வயதிலிருந்துதான் அனுமதி.

கழற்றும்போது முதலில் கண்ணை மூடச் சொல்லுங்கள். ஹெட்செட்டை நீங்களே முன்னோக்கி இழுத்துத் தூக்குங்கள். கண்ணைத் திறந்து, அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் எழட்டும். லென்ஸ்களைத் துடைத்து, மூடிபோட்டு, வெயில் எட்டாத அலமாரியில் வையுங்கள்.